ஒருநிரைப் பொறியும் கவைப்பொறியும்

உந்துவண்டிப் பொறியின் அமைப்பு வகைகளைப் பற்றித் தமிழாய்வு இதழொன்றில் எழுதுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிய பின்னர், இத்தகைய பொருள்கள் பொறியியலார்க்கே உரியன என்று தமிழ்த்துறையினர் ஒதுங்கி நிற்றல் பொருந்தாது. தமிழ்வழி பயிலும் மாணவன் ஒருவன் பொறியின் உருளைகள் நிறுத்தப்பெறும் முறையைக் கற்குங்கால், 'நேர்வரிசைப் பொறி' என்றும் 'வி-வடிவப் பொறி' என்றும் இரு சொற்களைக் காண்கின்றான். முன்னது தமிழ். பின்னது ஆங்கில எழுத்தொன்றின் உருவத்தைக் காட்டிப் பெயர் கூறுவது. 'வி' என்று தமிழில் எழுதிய அளவில் அவ்வுருவமும் மறைந்துவிடுகின்றது. 'வி' என்னும் நம் எழுத்தின் வடிவில் எந்தப் பொறியும் அமைந்திலது. ஆதலின், அச்சொல்லைப் படிக்கும் மாணவன் பிறமொழி எழுத்தை மனத்துள் வரைந்து பார்த்தே பொருளை உணர்தல் வேண்டும்.

இக்குறையினும் பெரிய குறை மற்றொன்று உண்டு. உருளைகள் சாய்ந்து நிற்கும் புறத்தோற்றத்தை மட்டுமே அவ்வெழுத்துக் காட்டுகின்றது. அவ்வமைப்பால் விளையும் நலமும் கேடும் எங்கிருந்து பிறக்கின்றனவோ அவ்விடத்தை அது சுட்டுவதில்லை. அவ்விடத்தைச் சுட்டவல்ல பழஞ்சொல் ஒன்று தமிழில் உண்டு என்பதும், அதனைக் கொள்ளின் இவ்விரு பொறிகளின் வேறுபாடு பெரும்பாலும் அச்சொல்லிலிருந்தே விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்திலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி, செங்கோட்டை ஆகிய ஊர்களைத் தொட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியே கொல்லத்திற்குச் செல்லும் பெருவழியில், திருவில்லிபுத்தூர்க்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு பன்னிரண்டு கிலோமீட்டர்க்கும் குறைவே. பஞ்சு ஏற்றிய லாரிகளும் நூல் ஏற்றிய லாரிகளும் மலை கடந்து செல்லும் பேருந்துகளும் இவ்வழியில் ஓய்வின்றி ஓடுகின்றன. இவ்வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் இரண்டு ஊர்களிலும் பல. அசோக் லேலண்டாயினும் டாட்டாவாயினும், இவ்வழிச் செல்லும் பேருந்துகளின் பொறிகள் நான்கு அல்லது ஆறு உருளைகளை ஒரே வரிசையில் உடையன. உருளைகளை இரு சாய்வாக நிறுத்திய பொறி இப்பட்டறைகளுக்கு வருதல் அரிது. இஃது ஏன் என்னும் வினாவே நம் பொருளுக்கு நல்ல நுழைவாயில். மலையேறும் வண்டிக்கு ஆற்றல் மிகுதியும் வேண்டும். எட்டுருளைச் சாய்வுப்பொறி ஆற்றல் மிக்கது என்பது உலகறிந்தது. அங்ஙனமிருந்தும் இவ்வழியில் அதற்கு இடமில்லை.

முதற்கண் பொறியின் அடிப்படைச் செயலைச் சுருங்கக் காண்போம். மிதிவண்டி மிதிப்பவனுடைய முழங்கால் மேலும் கீழுமாகச் செல்கின்றது. அவன் அடியின்கீழ் மிதிகட்டை வட்டமாகச் சுழல்கின்றது. முழங்காலையும் மிதிகட்டையையும் இணைப்பது கணைக்கால். பொறியில் முழங்காலின் இடத்தில் இருப்பது பிஸ்டன். கணைக்காலின் இடத்தில் இருப்பது இணைப்புத்தண்டு. மிதிகட்டையும் அதனைத் தாங்கும் வளைந்த அச்சும் சேர்ந்த இடத்தில் இருப்பது பட்டறையார் 'கிராங்க்' என்பது. இதனை 'வணரித்தண்டு' எனக் கலைச்சொல்லாக்கத்தார் வழங்குகின்றனர். வணர் என்பது வளைவைக் குறிக்கும் பழஞ்சொல். யாழ்க்கோட்டின் வளைந்த பகுதிக்கும் அது பெயர். பொறியின் தண்டும் இடையிடையே வளைந்து வளைந்து செல்வதாதலின் அப்பெயர் மிகப் பொருத்தமுடையது. பிஸ்டன் என்னும் சொல்லை யான் மாற்ற விரும்பவில்லை. சிற்றூரிலும் வழங்கும் சொல்லை நூலாசிரியர் துரத்துதல் வீண்வேலை. உள்ளதைக் காட்டிலும் மிகுதியாக உணர்த்தும் சொல் கிடைக்குமிடத்தேதான் மாற்றம் வேண்டற்பாலது.

உருளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிறுத்தினால், ஒவ்வொரு பிஸ்டனுக்கும் வணரித்தண்டில் தனித்தனி வளைவு அமைகின்றது. மிதிவண்டியில் ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு மிதிகட்டை இருத்தல் போன்றது இது. இனி, உருளைகளை இரண்டு வரிசையாக்கி, இரண்டும் அடியிற் கூடி மேலே விரியுமாறு சாய்த்து நிறுத்தினால், எதிரெதிர் நிற்கும் இரு பிஸ்டன்களின் இணைப்புத்தண்டுகள் ஒரே வளைவைப் பற்றிக்கொள்ளலாம். இருவர் இரு திசையிலிருந்து ஒரே மிதிகட்டையை மிதித்தல் போன்றது இது. ஆங்கில எழுத்துக் காட்டாமல் விடுவது இவ்விணைவையே. சாய்வு என்பது புறத்தோற்றம். ஒரே வளைவை இருவர் பகிர்தலே அதன் உயிர்நிலை.

'கவை' என்னும் சொல்லை ஈண்டு நினைத்தல் வேண்டும். ஓர் அடியிலிருந்து இரண்டாகப் பிரிவது கவை. மரக்கிளையின் பிளவு கவை. மூதுரையில் ஔவையார் மரத்தைக் கூறுமிடத்தும் இச்சொல் வருகின்றது. ஆட்டிடையர் கையிலுள்ள பிளவுபட்ட கோல் கவைக்கோல். பேச்சு வழக்கிலுள்ள கவட்டையும் இதன் இனமே. குறுந்தொகையில் 324-ஆம் பாட்டைப் பாடிய புலவர் கவைமகன் எனப் பெயர் பெற்றார். அப்பாட்டில் அவர் ஆண்ட உவமையால் வந்த பெயர் அது. கவைமகவு என்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் என்று பொருள். ஒரு வயிற்றிற் பிறந்த இருவர் என்னும் அவ்விணைவு நம் பொருளுக்கு எத்துணை நெருங்கியது என்பது வெளிப்படை. 'இரண்டு' என்பதோடு 'ஓர் அடியிலிருந்து' என்பதனையும் கவை என்னும் சொல் சேர்த்தே உணர்த்துகின்றது. ஆதலின் கவைப்பொறி என்பதே தகுந்த பெயர்.

மற்றதற்குப் பெயர் காண்பதில் சிறு இடர்ப்பாடு உண்டு. 'வரிசை' என்பதனினும் 'நிரை' என்பது சுருக்கமும் பழமையும் உடையது. ஆயின், 'நேர்நிரைப் பொறி' என்று பெயரிட்டால், யாப்பிலக்கணம் பயின்ற மாணவன் கூவிளம் என்று வாய்பாடு கூறிவிடுவான். அந்நகைப்பைத் தவிர்க்க 'ஒருநிரைப் பொறி' என்கின்றேன். அங்ஙனமாயின் மற்றதனை 'இருநிரைப் பொறி' என்றாலென்ன என வினவலாம். அது பொருந்தாது. பழைய வோக்ஸ்வாகன் வண்டியின் பொறியும் இரு நிரை உடையதே. ஆயின் அந்நிரைகள் இடமும் வலமுமாகக் கிடந்து எதிர்ப்பட்டிருப்பன. எதிரெதிர்ப் பிஸ்டன் ஒவ்வொன்றற்கும் தனி வளைவு உண்டு. இரண்டு நிரை இருந்தும் அது கவையன்று. நிரைகளின் எண்ணிக்கையால் பெயரிடுவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது.

பெயரின் பொருத்தத்தை இனிப் பொருளின்கண் வைத்துச் சோதிப்போம். இருவர் ஒரு வளைவைப் பகிர்வதால் முதலில் விளைவது நீளக்குறைவு. உருளை நடுவுக்கும் அடுத்த உருளை நடுவுக்கும் 100 மில்லிமீட்டர் இடைவெளி எனக் கொள்வோமாயின், ஆறுருளை ஒருநிரைப் பொறியின் உருளைப் பகுதி மட்டும் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் நீளும். அவ்வாறு உருளைகளைக் கவையாக்கினால் நீளம் பாதியளவாகும்; இரு இணைப்புத்தண்டுகள் ஒரே வளைவில் அருகருகே அமர்வதால், அத்தண்டின் தடிப்பளவு மட்டும் ஒரு நிரை முன்தள்ளி நிற்கும். பொறியின் உயரமும் குறையும். அகலமோ பெருகும்.

நீளம் குறைதலின் பயன் இடமிச்சம் என்ற அளவில் நில்லாது, தண்டின் திண்மையையும் தொடுகின்றது. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது வடத்தின் முன்தலையைப் பிடித்தோர் இழுக்கும் இழுப்பு உடனே தேரைச் சேர்வதில்லை. முதலில் வடம் தொய்வு நீங்கி இறுகுகின்றது. பின்னரே தேர் அசைகின்றது. நீண்ட வணரித்தண்டிலும் இஃது ஒத்ததே நிகழ்கின்றது. சுழற்சியாற்றல் வெளிச்செல்லும் பின்முனைக்கு மிகத் தொலைவிலுள்ள முதல் உருளை வெடிக்குந்தோறும், அதன் உந்துதல் தண்டினைச் சிறிதே முறுக்குகின்றது, முறுக்கு அவிழ்கின்றது, மீண்டும் முறுகுகின்றது. முறுக்கு என்னும் சொல்லை நூற்பாலை ஊராகிய இராசபாளையத்தார்க்கு விளக்கவேண்டுவதில்லை. பஞ்சை நூலாக்குவது முறுக்கு. வணரித்தண்டினை முறிப்பதும் அதுவே. சுழற்சியின் வேகமும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒத்துவருமிடத்தில் முறுக்கதிர்வு பன்மடங்கு பெருகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆறுருளைப் பொறி செய்தோர் தண்டு முறிந்து இடர்ப்பட்டது இதனாலேயே. இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் முதலியோர் தண்டின் முனையில் அதிர்வடக்கியை அமைத்த பின்னரே ஆறுருளைப் பொறி நிலைபெற்றது.

அமெரிக்காவில் ஒருநிரையில் எட்டு உருளைகளை நிறுத்திய பொறிகளும் ஒரு காலத்துப் பெருமைக்குரியனவாய் விளங்கின. 1949-இல் ஓல்ட்ஸ்மொபீல், காடிலாக் நிறுவனங்கள் மேல்தடுக்கிதழ்களையுடைய எண்ணுருளைக் கவைப்பொறியை வெளியிட்டன. பொறியின் வேகமும் உள்ளழுத்தமும் உயர உயர, நீண்ட தண்டு அவற்றிற்கு ஈடுகொடுக்க இயலவில்லை. சில ஆண்டுகளுக்குள் எண்ணுருளை ஒருநிரைப் பொறி அந்நாட்டில் வழக்கொழிந்தது. நீளத்தின் கேட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அங்ஙனமாயின் ஆறுருளை ஒருநிரைப் பொறி மட்டும் அழியாமல் நிற்பது எதனால்? அதன் சமநிலையால் என்பது விடை. இப்பகுதி சற்று நுட்பமுடையது. ஆயினும் இதனைத் தாண்டிச் செல்லலாகாது.

மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பொறியின் உடலை உலுக்குகின்றது. நான்குருளை ஒருநிரைப் பொறியில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. ஒன்றன் உலுக்கை மற்றொன்று நீக்கிவிடும் என்று தோன்றும். முழுவதும் நீங்குவதில்லை. இணைப்புத்தண்டு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால், வளைவின் மேற்பாதிச் சுழற்சியில் பிஸ்டன் கடக்கும் தொலைவு, கீழ்ப்பாதிச் சுழற்சியில் கடக்கும் தொலைவினும் மிகுதி. ஆகவே மேலே திரும்பும் பிஸ்டனின் விசையும் கீழே திரும்பும் பிஸ்டனின் விசையும் ஒத்தனவல்ல. எஞ்சிய விசை, தண்டு ஒருமுறை சுழலுவதற்குள் இருமுறை பொறியை மேலும் கீழும் குலுக்குகின்றது. இதனை இரட்டைநடை அதிர்வு எனலாம். வளைவின் ஆரத்தை இணைப்புத்தண்டின் நீளத்தால் வகுத்தால் வரும் பின்னமே இவ்வதிர்வின் அளவை உறுதிசெய்கின்றது. முதல் உலுக்கில் ஏறத்தாழ மூன்றிலொன்று முதல் நான்கிலொன்று வரை இருக்கும். அம்பாசடர் வண்டியில் 1489 கன செண்டிமீட்டர் அளவும், பிரீமியர் பத்மினியில் 1089 கன செண்டிமீட்டர் அளவும் கொண்ட பொறிகள் இருந்தன. இரண்டும் நான்குருளை ஒருநிரைப் பொறிகள். சிறிய பொறிகளாதலின் இவ்வதிர்வு பொறுக்கத்தக்கதாய் இருந்தது. பொறி பெரிதாகப் பெரிதாக அது பொறுக்கலாகாததாகும். அதனை அடக்கத் தண்டினும் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு துணைத்தண்டுகளை அமைத்தல் ஒரு வழி. லாஞ்செஸ்டர் கண்ட அவ்வழியை 1975-இல் மிட்சுபிசி நிறுவனம் புதுப்பித்தது.

ஆறுருளை ஒருநிரைப் பொறிக்கு இத்துணைத்தண்டுகள் வேண்டா. முதலும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் என மூன்று இணைகளாகப் பிஸ்டன்கள் ஒருங்கே இயங்குகின்றன. இணைகள் ஒன்றற்கொன்று 120 பாகை விலகி நிற்கின்றன. மூன்றன் உலுக்கும் கூடிச் சுழியாகின்றது. இரட்டைநடை அதிர்வும் கூடிச் சுழியாகின்றது. பொறியை முன்பின்னாக ஆட்டும் திருப்பமும் இல்லை, ஏனெனில் முன்பாதி பின்பாதியின் ஆடிநிழல் போன்றது. எந்த ஒட்டும் இணைப்புமின்றி, அமைப்பின் இயல்பாலேயே இத்துணைச் சமநிலை வாய்த்தது. பொறியியலார் இதனைப் புகழ்வதில் மிகைப்பாடு சிறிதும் இல்லை என்பதே என் துணிபு.

கவைப்பொறியில் சமநிலை இங்ஙனம் எளிதாக வாய்ப்பதன்று. கவைக்கோணத்தையும் உருளைத் தொகையையும் பொறுத்து அது வேறுபடும். நான்கடி இயக்கமுடைய பொறியில் ஒவ்வோர் உருளையும் தண்டின் இரு சுற்றுக்கு ஒருமுறை, அஃதாவது 720 பாகைக்கு ஒருமுறை வெடிக்கின்றது. எட்டு உருளையாயின் 90 பாகைக்கு ஒருமுறை வெடிப்பு நிகழ்தல் சீரானது. ஆகவே எண்ணுருளைக் கவைப்பொறியின் கோணம் 90 பாகையாக இருப்பின், ஒரே வளைவைப் பகிர்ந்த இருவரும் சீர்குலையாமல் இயங்குவர். சிலுவை போல் வளைவுகள் அமைந்த தண்டும் எதிரெடைகளும் சேர்ந்தால் அதிர்வும் பெரிதும் அடங்கும். எட்டுக்கு இயல்பாகப் பொருந்திய கவை, ஆறுக்கு அங்ஙனம் பொருந்துவதில்லை. ஆறுருளை 120 பாகைக்கு ஒருமுறை வெடித்தல் வேண்டும். வளைவைப் பகிர வேண்டுமாயின் கவைக்கோணமும் 120 பாகையாதல் வேண்டும். அத்துணை அகன்ற பொறி வண்டியின் முன்பகுதியுள் அடங்குதல் அரிது. ஆதலால் 60 பாகையோ 90 பாகையோ கொண்டு, பகிர்ந்த வளைவைச் சற்றே பிளந்து விலக்குகின்றனர். 60 பாகைக் கவையில் 60 பாகையும், 90 பாகைக் கவையில் 30 பாகையும் விலக்கு வேண்டும். பிளவாமல் விட்டால் என்னாகும் என்பதற்கு 1962-இல் வந்த பியூக் நிறுவனத்து ஆறுருளைப் பொறி சான்று. எட்டுருளைப் பொறிக்குரிய 90 பாகைக் கோணத்தையே கொண்டு, வளைவையும் பிளவாமல் செய்தமையால், அதன் வெடிப்புகள் 90 பாகை ஒருமுறையும் 150 பாகை ஒருமுறையுமாக மாறி மாறி வந்தன. நொண்டி நடை போன்ற அவ்வியக்கம் 1977-இல் வளைவைப் பிளந்த பின்னரே சீர்பட்டது.

கவை என்னும் பெயரின் பயனை இங்கே காணலாம். 'வி-வடிவம்' என்று மட்டும் கற்ற மாணவனுக்கு ஆறுருளைப் பொறியின் இவ்விடர்ப்பாடு தனிச் செய்தியாய் மனப்பாடம் செய்யவேண்டுவதாகும். கவை என்று கற்றவனோ, அடி ஒன்றாக இருத்தலே இதன் இயல்பு என அறிவான். அவ்வடியைப் பிளக்கவேண்டிய நிலை வந்தால் அமைப்பு தன் இயல்பினின்றும் விலகுகின்றது என்பதனையும், அவ்விலகலுக்கு ஏதேனும் விலை கொடுக்க நேரும் என்பதனையும் தானே உய்த்துணர்வான்.

சமநிலையை விடுத்து, செய்யும் செலவையும் பேணும் செலவையும் நோக்குவாம். கவைப்பொறிக்கு உருளைத்தலைகள் இரண்டு. அவற்றின் கீழமரும் கேஸ்கட்டுகள் இரண்டு. தடுக்கிதழ்களை இயக்கும் தண்டுகளும் சங்கிலிகளும் இருபுறமும் வேண்டும். புகைபோக்கிகள் இருபுறமும் வேண்டும். ஒருநிரைப் பொறியில் ஒருபுறம் காற்று புகுகின்றது, மறுபுறம் புகை வெளிச்செல்கின்றது, தலை ஒன்றே. பட்டறைத் தொழிலாளிக்கு இவ்வேறுபாடு நூற்செய்தியன்று, கைவேலை. 'ஹெட்டைக் கழற்றுதல்' என்று அவன் கூறும் வேலை ஒருநிரைப் பொறியில் நிமிர்ந்து நின்று செய்யக்கூடியது. கவைப்பொறியில் அவ்வேலை இருமடங்காவதோடு, சாய்ந்த நிரைக்கும் வண்டியின் சுவருக்கும் இடையே கை நுழையாத இடங்களும் பல. பேருந்தின் ஆயுள் நெடிது, ஓட்டம் மிகுதி, பழுது பார்த்தல் பலமுறை. வண்டியும் நீளமானது, பொறியின் நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை. டீசல் பொறி மெதுவாகச் சுழல்வது. ஆதலின் முறுக்கதிர்வை அடக்கியாளுதலும் எளிது. ஆறு உருளைக்கு இடையிடையே ஏழு தாங்கிகள் அமைந்து, நீண்ட தண்டினைப் பலவிடத்தும் பற்றிக்கொள்கின்றன. திருவில்லிபுத்தூர் வழியில் கவைப்பொறி ஏன் இல்லை என்னும் வினாவிற்கு விடை இதுவே. மலையேற்றத்திற்கு வேண்டுவது குறைந்த வேகத்தில் நிறைந்த திருப்புவிசை. அதனை நல்கப் பெரிய உருளைகளும் காற்றழுத்தியும் போதும், கவை வேண்டா.

ஒருகாலத்தில் நிலை இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. ஃபோர்டு நிறுவனம் 1926-இல் இந்தியாவில் கிளை நிறுவியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் வண்டிகளை இணைக்கத் தொடங்கியது. அக்காலப் பேருந்துகள் பெட்ரோல் பொறி பூட்டிய லாரிச் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டவை. 1912-இலேயே பேருந்துத் தொழில் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மதுரையை நடுவாகக் கொண்டு வளர்ந்தது. 1930-களில் இந்நாட்டுச் சாலைகளில் இரு பொறிகள் எதிர்நின்றன. ஒன்று, 1929-இல் வெளிவந்த செவர்லேயின் ஆறுருளை ஒருநிரைப் பொறி. 194 கன அங்குலம், 46 குதிரைத்திறன். மற்றொன்று, 1932-இல் வெளிவந்த ஃபோர்டின் எண்ணுருளைக் கவைப்பொறி. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன்.

ஃபோர்டின் பொறி வார்ப்புத்தொழிலில் ஒரு பெருஞ்செயல். அதற்கு முன் எண்ணுருளைக் கவைப்பொறி செல்வர்தம் வண்டிக்கே உரியது. 1914-இல் காடிலாக் அதனைத் தொகையாகச் செய்யத் தொடங்கியிருந்தும், பல பகுதிகளாக வார்த்து இணைக்கவேண்டியிருந்தமையால் விலை மிகுந்தது. ஃபோர்டு எட்டு உருளைகளையும் தண்டுறையையும் ஒரே வார்ப்பாக்கி விலையைக் குறைத்தார். ஆறுருளைப் பொறியின்பால் ஹென்றி ஃபோர்டுக்கு நெடுநாள் வெறுப்பு இருந்தமையின், செவர்லேயின் ஆறுக்கு எதிராக அவர் எட்டையே நிறுத்தினார்; 1941-இலேதான் அவர் நிறுவனம் மீண்டும் ஆறுருளைப் பொறியை வெளியிட்டது.

ஆயின் அவ்வெட்டில் ஒரு குறை இருந்தது. தடுக்கிதழ்கள் கவையின் உட்புறத்தே அமைந்தன. புகையோ வெளிப்புறம் செல்லவேண்டும். ஆகவே கொதிக்கும் புகை வார்ப்பின் ஊடே, குளிர்நீர் சூழ்ந்த வழிகளில் புகுந்து வெளிவந்தது. நடுவுருளைகள் இரண்டற்கும் ஒரே வழி. புகையின் வெப்பமெல்லாம் குளிர்நீரில் ஏறியது. நீரேற்றிகள் இரண்டு இருந்தும் பொறி மிகச் சூடேறுதல் அதன் தீராப் பழியாயிற்று. குளிர்நாட்டில் பொறுக்கத்தக்க இக்குறை, சித்திரை வெயிலில் ஆளேற்றி மேடேறும் வண்டிக்கு எத்தகையது என்பதனை எண்ணிப் பார்க்கலாம். செவர்லேயின் பொறியில் காற்றும் புகையும் தலையின் ஒருபக்கமாகவே சென்றன. ஆயினும் அவை வார்ப்பின் உடலை ஊடறுக்கவில்லை. ஆற்றலிற் குறைந்த அப்பொறி பொறுமையில் மிக்கது. 1972-இல் பேருந்துகள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய காலத்தில், இவ்விரு பெட்ரோல் பொறிகளின் இடத்தை டீசலின் ஒருநிரைப் பொறிகள் முற்றும் கைக்கொண்டிருந்தன.

சிற்றுந்துகளின் வரலாறு வேறு. 1959-இல் இங்கிலாந்தில் இசிகோனிசு வகுத்த மினி வண்டியில் பொறி குறுக்காக வைக்கப்பட்டு முன்சக்கரங்களை இயக்கியது. அம்முறை உலகெங்கும் பரவியபின், பொறியின் நீளம் வண்டியின் அகலத்துள் அடங்கவேண்டிய கட்டாயம் வந்தது. மூன்றுருளையும் நான்குருளையும் அடங்கும். ஆறுருளை ஒருநிரை அடங்குதல் மிக அரிது. ஆறு வேண்டுவோர் கவையை நாடினர். மோதலில் வண்டியின் முன்பகுதி மடிந்து அதிர்ச்சியை ஏற்கவேண்டும் என்னும் விதி வலுப்பட, குறுகிய பொறிக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. இந்தியாவில் 1983-இல் வந்த மாருதி 800 வண்டியில் 796 கன செண்டிமீட்டர் மூவுருளைப் பொறி குறுக்காக நின்றது. 2006-இல் நான்கு மீட்டர்க்கு உட்பட்ட வண்டிகளுக்கும் சிறு பொறிகளுக்கும் வரிச்சலுகை வந்தபின் மூன்றும் நான்குமே நம் நாட்டு வழக்காயின. கவைப்பொறி விலைமிக்க வண்டிகளோடு நின்றது.

விலைமிக்க வண்டிகளிலேயே கவை பின்வாங்கியது அண்மைக் காலத்து வியப்பு. 1933-இலேயே ஆறுருளை ஒருநிரையைக் கொண்ட பி.எம்.டபிள்யூ நிறுவனம் அதனை இன்றும் போற்றிவருகின்றது. 2007 முதல் சென்னைக்குத் தெற்கே அதன் தொழிற்சாலை இயங்கிவருகின்றது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனமோ 1997-இல் ஒருநிரையை விடுத்து 90 பாகைக் கவையைத் தழுவியது. எண்ணுருளைப் பொறி செய்யும் அதே கருவிகளைக் கொண்டு ஆறுருளையும் செய்யலாம் என்பது அதன் கணக்கு. சமநிலைக் குறையை நீக்க ஒரு துணைத்தண்டு வைக்கவேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து 2017-இல் அந்நிறுவனம் மீண்டும் ஒருநிரைக்கே திரும்பியது. 2019-இல் ஜாகுவார் லேண்ட்ரோவரும் அவ்வாறே செய்தது.

காரணங்கள் மூன்று. காற்றழுத்தி பூட்டிய ஆறே பழைய எட்டின் ஆற்றலைத் தருவதால், எட்டோடு கருவிகளைப் பகிரும் பயன் தேய்ந்தது. நீரேற்றியும் குளிர்சாதனமும் மின்னால் இயங்கத் தொடங்கியதால், பொறியின் முன்முகத்திலிருந்த வார்ப்பட்டைகள் நீங்கி நீளம் குறைந்தது. மூன்றாவது காரணமே வலிமை மிக்கது. புகையைத் தூய்மை செய்யும் கருவி, பொறியை முடுக்கிய சில நொடிகளிலேயே சூடேறினால்தான் வேலை செய்யும். ஆகவே அது புகைவாயின் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஒருநிரைக்குப் புகை வருவது ஒரு பக்கம். கருவி ஒன்று போதும். கவைக்கோ இரு பக்கம். 1932-இல் ஃபோர்டின் பொறியைச் சூடேற்றிய புகைவழிச் சிக்கலே, தொண்ணூறு ஆண்டுகளுக்குள் வேறோர் உருவில் வந்து கவையை வீழ்த்தியது எனலாம்.

கலைச்சொல்லுக்கு வருவோம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியமும், இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் 1950-களிலும் 1960-களிலும் துறைதோறும் வெளியிட்ட சொற்றொகுதிகளும் பொறியியற்குப் பல நல்ல சொற்களை வழங்கின. அவ்வழியில் ஒருநிரை, கவை என்னும் இரண்டினையும் அடிச்சொல்லாகக் கொண்டால் கிளைச்சொற்கள் தாமே பிறக்கின்றன: கவைக்கோணம், கவைநிரை, கவையடி, பிளவடிக் கவை. 'வி' என்பதிலிருந்து இங்ஙனம் ஒன்றும் பிறவாது. பட்டறையில் 'வி-எட்டு' என்பார் அவ்வாறே கூறுக. அவரைத் திருத்துதல் நம் வேலையன்று. பாடநூலே நம் வேலை.

இரு பெயர்க்கும் அடங்காத பொறிகளும் உள. 1991-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் 15 பாகை மட்டுமே விரிந்த ஆறுருளைப் பொறியை வெளியிட்டது. நிரைகள் இரண்டாயினும் ஒன்றோடொன்று நெருங்கியிருத்தலின் தலை ஒன்றே. வளைவோ ஒவ்வொரு பிஸ்டனுக்கும் தனி. அடி பகிராமையால் இதனைக் கவை என்றல் ஆகாது; 'வி' எழுத்தால் பெயரிடுவோர் இதனையும் அவ்வினத்துள் சேர்ப்பர். ஒரே நிரையில் உருளைகள் வலமும் இடமுமாகச் சிறிதே விலகி நிற்பதாகக் கொண்டு 'விலகுநிரைப் பொறி' என்று கூறலாம். இதற்கு மறுதலையாகச் சென்னையின் ராயல் என்பீல்டு நிறுவனம் 2018-இல் விற்பனைக்குக் கொணர்ந்த 648 கன செண்டிமீட்டர் ஈருருளை மோட்டார் சைக்கிள் பொறி உருவத்தால் ஒருநிரை. அதன் இரு வளைவுகளும் 270 பாகை விலகி நிற்பதால், 90 பாகைக் கவைப்பொறியின் வெடிப்பு இடைவெளியே அதற்கும் வாய்க்கின்றது, ஒலியும் அவ்வாறே. உருவத்தை நோக்கிப் பெயரிடுவதா, இயக்கத்தை நோக்கிப் பெயரிடுவதா என்னும் வினா இங்கு எழும். வளைவுகள் தனித்தனியாக இருத்தலின் அஃது ஒருநிரைப் பொறியே. அதன் நடை மட்டும் கவைநடை.